தொழிலக மோட்டார் இயக்கிகளின் பாதுகாப்புத் தரங்கள்: ஒரு வரலாறு

தொழிற்சாலை எந்திரம் ஒன்றைச் சுழற்றும் மின்சார மோட்டாரையும், அந்த மோட்டாரின் வேகத்தையும் திருப்புவிசையையும் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியையும் சேர்த்து மோட்டார் இயக்கி அமைப்பு என்பர். இக்கருவியைத் தொழிற்சாலைகளில் 'டிரைவ்' அல்லது 'விஎஃப்டி' என்பார்கள். நூற்பாலை, சிமெண்ட் ஆலை, மின்தூக்கி, பளுத்தூக்கி, கன்வேயர், அச்சகம் எனச் சுழற்சி தேவைப்படும் இடங்களில் எல்லாம் இன்று இது காணப்படுகிறது.

இவ்வியக்கிகளுக்கான பாதுகாப்பு விதிகள் ஒரே நாளில் ஒரே குழுவால் எழுதப்பட்டவை அல்ல. நீராவி ஆலைகளின் சுழல்தண்டில் சிக்கி இறந்த தொழிலாளர்களிலிருந்து தொடங்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு அவற்றின் பின்னால் உள்ளது. அந்த வரலாறு முழுவதும் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. எந்திரத்தின் ஆற்றலுக்கும் மனித உடலுக்கும் இடையே எதை வைப்பது? அதற்குப் பொறுப்பு யாருடையது?

நீராவிக் காலம்: தண்டும் பெல்ட்டும்

19ஆம் நூற்றாண்டின் ஆலைகளில் ஒரே ஒரு நீராவி எந்திரம் அல்லது நீர்ச்சக்கரம் கட்டடம் முழுவதற்கும் ஆற்றல் தந்தது. கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றில் பொருத்திய கப்பிகளிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு தறியையும் கதிரையும் ஓட்டும். தறியை நிறுத்த வேண்டுமானால் தொழிலாளி பெல்ட்டை ஓடும் கப்பியிலிருந்து வெற்றுக் கப்பிக்குத் தள்ளுவார். தறி நின்றாலும் தலைக்கு மேல் தண்டு ஓடிக்கொண்டேயிருக்கும். முதன்மை எந்திரத்தை நிறுத்தினால் ஆலையே நின்றுவிடும் என்பதால், ஒருவரது சட்டைக்கையோ கூந்தலோ பெல்ட்டில் சிக்கினால் உடனே நிறுத்த வழி இருக்கவில்லை.

பிரிட்டனில் 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதன்முறையாக அரசு ஆய்வாளர்கள் நால்வரை நியமித்தது. தொடக்கத்தில் அவர்களது பணி சிறுவர்களின் வேலை நேரத்தைப் பற்றியதாகவே இருந்தது. லெனார்டு ஹார்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆலைகளுக்குள் சென்று பார்த்தபோது விபத்துகளின் அளவு தெரியவந்தது. அதன் விளைவாக 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில் பறப்புச்சக்கரம், நீராவி எந்திரத்தின் பாகங்கள், ஆற்றல் கடத்தும் தண்டுகள் முதலியவற்றைப் பாதுகாப்பாக வேலியிட்டு மறைக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. சிறுவர்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றல் கடத்திகளைத் துடைப்பது தடை செய்யப்பட்டது. விபத்துகளை அறிவிப்பதும் கட்டாயமாயிற்று.

வேலியைப் பற்றிய போராட்டம்

சட்டம் வந்ததும் சிக்கல் தீரவில்லை. ஏழு அடிக்கு மேல் உயரத்தில் ஓடும் தண்டுகளை வேலியிட வேண்டியதில்லை என ஆலை முதலாளிகள் வாதிட்டனர். 1854இல் அவற்றையும் மறைக்க வேண்டும் என ஆய்வாளர்கள் வலியுறுத்தியபோது எதிர்ப்பு வலுத்தது. 1855இல் முதலாளிகள் ஒரு தேசியச் சங்கம் அமைத்து வேலியிடும் விதிக்கு எதிராக இயங்கினர்.

சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழில் ஹென்றி மார்லி ஆலை விபத்துகளைப் பற்றிக் கடுமையான கட்டுரைகள் எழுதினார். மறுபக்கத்தில் எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, சட்டம் அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்று முதலாளிகளின் சார்பில் ஒரு சிறுநூல் எழுதினார். தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பது ஒரு தரப்பு. கவனம் சிதறுவது மனித இயல்பு, ஆகவே எந்திரத்தையே மாற்ற வேண்டும் என்பது மறு தரப்பு. 1856இல் நாடாளுமன்றம் முதலாளிகளின் பக்கம் சாய்ந்து வேலியிடும் கடமையைச் சுருக்கியது. அதன் பின்னர் வந்த சட்டங்களே அதைப் படிப்படியாக மீட்டெடுத்தன.

இன்றைய தரங்கள் அனைத்தும் இவற்றில் இரண்டாம் தரப்பின் வழி வந்தவை. எந்திர வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்குவது முதல் படி. அது முடியாதபோது காப்புச் சாதனம் அமைப்பது இரண்டாம் படி. எஞ்சிய ஆபத்துக்கு மட்டுமே எச்சரிக்கையும் பயிற்சியும். ஐஎஸ்ஓ 12100 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ள இவ்வரிசை, 1850களின் விவாதத்திற்குக் கிடைத்த காலங்கடந்த தீர்ப்பு எனலாம்.

இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டங்கள்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. இந்திய ஆலைகளின் மலிவான உழைப்பைக் கண்டு அஞ்சிய லங்காசயர் ஆலை அதிபர்களின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம். நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், எந்திர ஆற்றலில் ஓடும் ஆலைகளுக்கு அது பொருந்தியது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்ததோடு, ஆபத்தான எந்திரப் பாகங்களை வேலியிடவும் கோரியது. 1891, 1911, 1934 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து, விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயற்றப்பட்டு 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு எந்திரங்களை வேலியிடுவதைப் பற்றியதாக இருந்தது. 22ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்றவர் உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்தே செய்ய வேண்டும் என்றது. 24ஆம் பிரிவு, ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் ஆபத்து நேரத்தில் ஆற்றலைத் துண்டிக்கும் சாதனம் இருக்க வேண்டும் என்றது. பெல்ட்டும் கப்பியும் நிறைந்த உலகை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சொற்கள் இவை. ஆயினும் 'ஆற்றலைத் துண்டித்தல்' என்ற கோரிக்கை, பின்னர் மின்னணு இயக்கிகளின் வரலாற்றில் மையமான வினாவாக மாறியது.

மின்சார மோட்டாரின் வருகை

1888இல் நிக்கோலா டெஸ்லா தூண்டல் மோட்டாருக்கான காப்புரிமைகளைப் பெற்றார். அதையடுத்து மிகயில் டொலிவோ-டோப்ரொவோல்ஸ்கி மும்முனை மின்சாரத்தில் ஓடும் கூண்டு வகை மோட்டாரை உருவாக்கினார். 1891இல் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவு மும்முனை மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. அதே ஆண்டில் ஹாரி வார்டு லெனார்டு, நேர்மின் மோட்டாரின் வேகத்தை மின்னாக்கி ஒன்றின் வழியாகச் சீராகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் முறையைக் கண்டார். சுரங்க ஏற்றிகளிலும் மின்தூக்கிகளிலும் உருட்டாலைகளிலும் பல பத்தாண்டுகள் அம்முறை கோலோச்சியது.

முதலில் ஆலைகள் நீராவி எந்திரத்தின் இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழைய தண்டுகளை அப்படியே ஓட்டின. பிறகு ஒரு குழு எந்திரங்களுக்கு ஒரு மோட்டார் என்றும், இறுதியில் ஓர் எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றும் மாறின. தென்னிந்தியாவில் 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மின்சாரத்தால் ஓடும் நூற்பாலைகள் பெருகின.

தனி மோட்டார் வந்ததும் தலைக்கு மேல் ஓடிய தண்டுகள் மறைந்தன. வேலிச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் போராடியும் முழுமையாகச் சாதிக்காத ஒன்றை உற்பத்தி வசதிக்காகச் செய்த மாற்றம் சாதித்தது. ஆனால் வேறொரு ஆபத்து வந்து சேர்ந்தது. ஓடும் பெல்ட் கண்ணுக்குத் தெரியும், மின்சாரம் தெரியாது. நின்றுகொண்டிருக்கும் எந்திரம் இனி உயிரற்ற எந்திரம் என்று சொல்ல இயலாது.

மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது எந்திரம் தானே ஓடத் தொடங்கும் ஆபத்து இவ்வகையைச் சேர்ந்தது. மோட்டார் ஸ்டார்ட்டரில் அமைந்த 'நோ-வோல்ட் காயில்' இதற்கான எளிய தீர்வு. மின்னழுத்தம் போனதும் காந்தப்பிடி விடுபடும், ஒருவர் மீண்டும் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் உழவர் வரை அனைவரும் அறிந்த இச்சாதனத்தின் கருத்தையே, எந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐஈசி 60204-1 தரமும் வலியுறுத்துகிறது. ஆபத்து நேரக்கூடிய இடத்தில், மின்சாரம் திரும்பியதும் எந்திரம் தானாகப் புறப்படக் கூடாது.

முதல் மின் தரங்கள்

மின்சாரத்தின் தொடக்க காலத்தில் பெரிய அச்சம் தீ. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் மின் அமைப்புகளை ஆராய்ந்த பொறியாளர் வில்லியம் ஹென்றி மெரில், 1894இல் தொடங்கிய ஆய்வகமே இன்று யுஎல் என அறியப்படும் சோதனை நிறுவனம். 1897இல் அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு வெளிவந்தது. ஜெர்மனியில் விடிஇ என்னும் மின்பொறியாளர் சங்கம் 1893இல் அமைந்தது.

நாட்டுக்கு ஒரு விதி என்ற நிலையைச் சீர்படுத்த, 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டின் தீர்மானப்படி 1906இல் லண்டனில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தோன்றியது. சுருக்கமாக ஐஈசி எனப்படும் இவ்வமைப்பின் முதல் தலைவர் கெல்வின் பிரபு. இயக்கிகளுக்கான இன்றைய பன்னாட்டுத் தரங்கள் இந்த அமைப்பின் குழுக்களிலேயே உருவாகின்றன.

குறைகடத்தி இயக்கிகளும் புதிய ஆபத்துகளும்

1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் உருவானது. சுழலும் மின்னாக்கி இல்லாமலேயே நேர்மின் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த அது வழி திறந்தது. 1980களில் ஐஜிபிடி என்னும் டிரான்சிஸ்டர் வகை வந்ததும் மாறுமின் மோட்டார்களின் காலம் பிறந்தது. இன்றைய இயக்கி மூன்று படிகளில் வேலை செய்கிறது. மின்வாரியம் தரும் மாறுமின்னை முதலில் நேர்மின்னாக்குகிறது. அதைப் பெரிய மின்தேக்கிகளில் தேக்குகிறது. பிறகு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் வழியாக, வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்னாக மோட்டாருக்கு அனுப்புகிறது.

இந்த மூன்று படிகளும் தத்தமக்கான ஆபத்தைக் கொண்டுவந்தன. மின்தேக்கிகள், மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைப் பல நிமிடங்கள் வைத்திருக்கக்கூடும். வேகமாகத் திறந்து மூடும் சுற்று, அருகிலுள்ள கருவிகளுக்கு மின்காந்த இடையூறு தருகிறது. இடையூறு வடிப்பிகள் வழியாக நிலக்கம்பியில் கசிவு மின்னோட்டம் பாய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடு, நில் என்ற ஆணைகளை இப்போது மென்பொருள் தருகிறது. மென்பொருளில் பிழை நேர்ந்தால் நிற்க வேண்டிய எந்திரம் ஓடலாம்.

இவ்வாபத்துகளுக்கென ஐஈசி 61800 என்னும் தரவரிசை எழுந்தது. மின்காந்த இணக்கத்தைக் கையாளும் மூன்றாம் பகுதி 1996இல் வெளியானது. மின்னதிர்ச்சி, வெப்பம், தீ ஆகியவற்றைக் கையாளும் 5-1 பகுதி முதலில் 2003இலும், திருத்தப்பட்டு 2007, 2022 ஆகிய ஆண்டுகளிலும் வந்தது. அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒரு விதி எடுத்துக்காட்டாக அமையும். மின்சாரத்தை நிறுத்திய 5 நொடிக்குள் மின்தேக்கிகளின் அழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க வேண்டும் அல்லது எஞ்சிய மின்னூட்டம் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். இயலாவிட்டால் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறிக்கும் எச்சரிக்கை கருவியின் மேலேயே இருக்க வேண்டும். இயக்கிகளின் முகப்பில் காணும் 'இத்தனை நிமிடம் காத்திருக்கவும்' என்ற மஞ்சள் ஒட்டுத்தாள் இப்படி வந்ததே. நிலக்கம்பியில் கசிவு 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தடித்த கம்பியோ இரண்டாவது நிலக்கம்பியோ தேவை என்ற விதியும் இத்தரத்தில் உண்டு. ஒற்றை நிலக்கம்பி அறுந்தால், எந்திரத்தைத் தொடுபவரின் உடலே நிலத்துக்கான பாதையாகிவிடும் என்பதே அதன் காரணம்.

நிறுத்தம் என்றால் என்ன?

ஐஈசி 60204-1 தரம் நிறுத்தத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 0ஆம் வகையில் ஆற்றல் உடனே துண்டிக்கப்படும். எந்திரம் தன் வேகத்தில் ஓடி ஓய்ந்து நிற்கும். 1ஆம் வகையில் மோட்டார் முதலில் கட்டுப்பாட்டோடு வேகம் குறைந்து நிற்கும், அதன்பின் ஆற்றல் துண்டிக்கப்படும். 2ஆம் வகையில் நின்ற பின்னும் ஆற்றல் தொடரும். அவசர நிறுத்தத்துக்கு 0, 1 ஆகிய இரண்டு வகைகளே ஏற்கப்படுகின்றன.

உடனே துண்டிப்பதே பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் கனமான பறப்புச்சக்கரத்தின் ஆற்றலைத் துண்டித்தால் அது நிற்கப் பல நிமிடங்கள் ஆகலாம். அந்த ஆற்றலைக் கொண்டே வேகம் குறைத்தால் சில நொடிகளில் நிற்கும். பளுத்தூக்கியில் பிரேக் பிடிக்காமல் மோட்டாரின் விசையை நிறுத்தினால் சுமை கீழே விழும். ஆகவே 'ஆற்றலைத் துண்டி' என்ற பழைய சட்டச் சொல், 'ஆபத்தான அசைவை நீக்கு' என்ற நுட்பமான கருத்தாக வளர வேண்டியிருந்தது.

ஐரோப்பிய ஆணைகளும் தரங்களின் மாற்றமும்

1985இல் ஐரோப்பிய சமூகம் 'புதிய அணுகுமுறை' எனப்பட்ட முறையை ஏற்றது. சட்டம் அடிப்படைப் பாதுகாப்புத் தேவைகளை மட்டும் சொல்லும், நுட்ப விவரங்களைத் தரங்கள் சொல்லும். அவ்வழியில் 1989இல் எந்திர ஆணை பிறந்தது. அது 1995 முதல் முழுமையாகக் கட்டாயமாயிற்று. தயாரிப்பாளர் தம் எந்திரத்தின் ஆபத்துகளை மதிப்பிட்டு, நுட்பக் கோப்பு தயாரித்து, இணக்க உறுதிமொழியில் கையொப்பமிட்டு சிஇ குறியை இட வேண்டும். 1855இல் தொழிலாளியின் தலையில் போடப்பட்ட பொறுப்பு இப்படித் தயாரிப்பாளரின் மேசைக்கு வந்தது. 2006இல் திருத்தப்பட்ட ஆணை 2009 டிசம்பர் 29 முதல் செயல்பட்டது. அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட எந்திர ஒழுங்குவிதி பொருந்தத் தொடங்கும் நாள் 2027 ஜனவரி 20. கட்டுப்பாட்டு அமைப்பை வெளியார் சிதைப்பதிலிருந்து காக்கும் தேவையும் அதில் இடம்பெற்றுள்ளது.

இதே காலத்தில் தரங்களின் சிந்தனையும் மாறியது. 1996ஆம் ஆண்டின் ஈஎன் 954-1 தரம் பாதுகாப்புச் சுற்றுகளை அவற்றின் அமைப்பைக் கொண்டு வகைப்படுத்தியது. ஒரு பாகம் பழுதானாலும் சுற்று வேலை செய்யுமா என்பதே அதன் கேள்வி. கணினிச் சில்லுகள் வந்தபின் அது போதவில்லை. 1998 முதல் 2000 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஐஈசி 61508, ஆபத்தான பழுது நேரும் நிகழ்தகவைக் கணக்கிடச் சொன்னது. தொடர்ந்து இயங்கும் அமைப்பு 'சில்' 3 என்னும் நிலையை எட்ட, ஒரு மணி நேரத்தில் அப்படிப்பட்ட பழுது நேரும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். 2006இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 13849-1 இக்கணக்கையும் பழைய அமைப்பு முறையையும் இணைத்தது. தொழில்துறை அதற்குத் தயாராக அவகாசம் கேட்டதால், ஈஎன் 954-1 தரத்தின் ஆயுள் 2011 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

எஸ்டிஓ: திருப்புவிசையை நீக்கும் முறை

முன்பெல்லாம் பாதுகாப்பாக நிறுத்த வேண்டுமானால் இயக்கிக்கு முன்னோ பின்னோ கான்டாக்டர்களை வைத்து மின்சாரத்தை அறுக்க வேண்டியிருந்தது. மீண்டும் ஓட்ட, மின்தேக்கிகள் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். அடிக்கடி இப்படிச் செய்தால் பாகங்களும் தேயும். இதற்கு மாற்றாக வந்த முறையைத் தயாரிப்பாளர்கள் பல பெயர்களில் அழைத்தனர். 2007இல் வெளியான ஐஈசி 61800-5-2 தரம் அதற்கு எஸ்டிஓ என்று பொதுப்பெயர் தந்து வரையறுத்தது.

மோட்டார் சுழல வேண்டுமானால் டிரான்சிஸ்டர்கள் ஓர் ஒழுங்கான வரிசையில் திறந்து மூட வேண்டும். அவற்றுக்குச் செல்லும் துடிப்புகளைத் தடுத்துவிட்டால் சுழல் காந்தப்புலம் உருவாகாது. ஒரு டிரான்சிஸ்டர் பழுதாகி மூடியே இருந்தாலும் மோட்டார் ஓடத் தொடங்காது. நிலைக்காந்த மோட்டாரில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒருசேரப் பழுதானால் மட்டும் அச்சு சிறிது திரும்பி நிற்கக்கூடும். துடிப்புகளைத் தடுக்கும் சுற்றைப் பொதுவாக ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் அமைப்பர். கட்டுப்பாட்டோடு நிறுத்திப் பின் விசையை நீக்குதல், குறித்த வேகத்தைத் தாண்டாமல் காத்தல், பிரேக்கைப் பாதுகாப்பாக இயக்குதல் முதலிய செயல்களையும் இத்தரம் வரையறுத்துள்ளது.

இங்கே ஒரு பெரும் தவறு நேர இடமுண்டு. எஸ்டிஓ மோட்டாரின் விசையை நீக்குகிறதே தவிர, மின்சாரத்தை நீக்குவதில்லை. முனைகளில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். காப்புக் கதவைத் திறந்து சிக்கிய பொருளை எடுக்க அது போதும். மோட்டார் இணைப்பைக் கழற்ற அது போதாது. அதற்கு மெயின் சுவிட்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என அளந்து பார்க்க வேண்டும். இந்தப் பூட்டும் முறைக்கான அமெரிக்க விதியை அந்நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்டது. ஆண்டுக்கு 120 உயிரிழப்புகளையும் 50,000 காயங்களையும் அது தடுக்கும் என்பது அந்நிர்வாகத்தின் மதிப்பீடு.

தரமும் தொழிற்கூடமும்

தரம் எழுதப்பட்டதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. ஜெர்மன் தொழில் விபத்துக் காப்பீட்டுச் சங்கங்களின் 2006ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, உலோக வேலை எந்திரங்களின் காப்புச் சாதனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்ததாக மதிப்பிட்டது. வேலைக்குத் தடையாக இருக்கும் காப்பைத் தொழிலாளி கழற்றிவிடுகிறார், மேற்பார்வையாளர் கண்டுகொள்வதில்லை. எஸ்டிஓ பரவியதன் ஒரு நன்மை இங்கே உள்ளது. நிறுத்தி மீண்டும் ஓட்டுவது விரைவாக நடப்பதால் காப்பை ஏமாற்ற வேண்டிய தேவை குறைகிறது.

இந்தியாவில் பன்னாட்டுத் தரங்கள் பலவற்றை இந்தியத் தர அமைவனம் இந்தியத் தரங்களாக ஏற்றுள்ளது. 13 பழைய சட்டங்களை ஒன்றாக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றியது. ஏற்றுமதி செய்யும் எந்திரத் தயாரிப்பாளர்களுக்கு சிஇ குறியும் யுஎல் சான்றும் அன்றாட வேலையாகிவிட்டன. எனினும் ஒரே கூடத்தில், நிகழ்தகவு கணக்கிட்டு வடிவமைத்த புதிய எந்திரமும், பழைய எந்திரத்தில் பின்னாளில் பொருத்திய இயக்கியும் அருகருகே ஓடுவது இயல்பு. பின்னதில் இயக்கி மட்டும் தரச்சான்று பெற்றதாக இருக்கும். அதன் எஸ்டிஓ முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் அந்தச் சான்று யாரையும் காக்காது. தரங்கள் முழு எந்திரத்தையும் மதிப்பிடச் சொல்வது இதனால்தான்.

லங்காசயர் ஆலையின் தண்டைச் சுற்றி மரப்பலகை அடிக்கச் சொன்ன ஆய்வாளரும், டிரான்சிஸ்டருக்குச் செல்லும் துடிப்பை இரு வழிகளில் தடுக்கச் சொல்லும் தரக்குழுவும் செய்வது ஒரே வேலை. மனிதர் ஒரு நொடி கவனம் தவறினாலும் உயிர் போகக் கூடாது என்பதே இரண்டின் நோக்கம்.